கழுத்துத் தண்டுவடக் காயத்தால் செயலிழந்த கைகளுக்கு மூளைத் தூண்டலோடு கூடிய பயிற்சி உதவுமா?

தம்பிக்காக எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து தவறி விழுந்ததில் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டது. அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேலாகிறது. வீட்டிலிருந்தபடியே பிசியோதெரபி செய்துவருகிறான். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் காயம் சி6 (கழுத்தின் ஆறாவது நரம்பு) மட்டத்தில் உள்ளது என்றும், அது முழுமையற்ற காயம், தண்டுவடக் காயத்தின் கடுமையைக் குறிக்கும் ஏ.எஸ்.ஐ.ஏ. அளவுகோலில் 'சி' வகை (காயத்துக்குக் கீழே ஓரளவு அசைவு மிஞ்சியிருப்பது) என்றும் எழுதியிருக்கிறார்கள்.

தோளை உயர்த்துகிறான், முழங்கையை மடக்குகிறான், வலது மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குகிறான். ஆனால் மடக்கிய முழங்கையை வலுவோடு நீட்ட முடியவில்லை. மல்லாந்து படுத்துக் கையை மேலே தூக்கினால் அது பாதியில் மடங்கி முகத்தின் மீதே விழுகிறது. வலது மணிக்கட்டைத் தூக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக நெருங்கி வருவதால் ஒரு தாளையோ மாத்திரை அட்டையையோ பிடித்துக்கொள்கிறான்; தண்ணீர் உள்ள எவர்சில்வர் டம்ளரைப் பிடிக்க இயலவில்லை. இடது கையில் அந்த அளவுப் பிடிப்பும் இல்லை.

அருகிலுள்ள நகரத்தில் ஒரு தனியார் மையத்தினர், தலையில் மென்மையான மின்சாரம் செலுத்தினால் விரல்கள் அசையத் தொடங்கிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகைக்கு அம்மாவின் நகைகளை அடகு வைத்தாக வேண்டும். அடிபட்டது கழுத்தில்தான், மூளையில் பாதிப்பு எதுவும் இல்லை என்று ஸ்கேனைப் பார்த்த மருத்துவரே கூறினார். அப்படியிருக்க, மூளையைத் தூண்டினால் கை எப்படிச் சரியாகும்? இதற்கு உண்மையான ஆய்வுகள் உள்ளனவா? காயம் பட்டு ஓராண்டு கடந்த பின்னும் பலன் கிடைக்குமா? இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி நாமே வைத்துக்கொள்ளலாமே என்று தம்பி கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

---

கைப்பயிற்சியாளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தண்டுவடக் காயமுற்றவர்களின் கைகளோடுதான் என் அன்றாட வேலை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நகைகளை அடகு வைக்க வேண்டாம். இந்த முறைக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஆனால் அந்த மையம் தருகிற உறுதியை உலகில் எந்த ஆய்வும் இதுவரை தந்ததில்லை.

மூளையை ஏன் தூண்ட வேண்டும் என்ற உங்கள் கேள்வி மிகச் சரியானது. கையை அசைக்க வேண்டும் என்ற கட்டளை மூளையின் இயக்கப் புறணியில் (அசைவுகளை ஆளும் மேற்பரப்புப் பகுதியில்) பிறந்து, நீண்ட நரம்பிழைகள் வழியாகத் தண்டுவடத்தில் இறங்கி, கழுத்துப் பகுதியிலுள்ள இயக்க நரம்பணுக்களை அடைந்து, அங்கிருந்து தசைக்குச் செல்கிறது. முழுமையற்ற காயத்தில் இந்த இழைகளில் பெரும்பகுதி சிதைந்திருந்தாலும் ஒரு பகுதி பிழைத்திருக்கும். பிழைத்த இழைகள் கொண்டுவரும் குறிப்பு (சிக்னல்) மிகவும் வலுவிழந்திருப்பதால், தசை அசையும் அளவுக்கு நரம்பணுக்களை எழுப்ப முடிவதில்லை. இன்னொரு பக்கம், பயன்படாமல் கிடக்கும் தசைக்கு மூளை ஒதுக்கியிருந்த இடமும் குறைந்துவிடக்கூடும். உங்கள் தம்பியின் முழங்கையை மடக்கும் தசை நன்றாக வேலை செய்கிறது. நீட்டும் தசை செய்யவில்லை. எதைச் செய்ய முயன்றாலும் மடக்கும் தசையே முந்திக்கொள்வதால், மூளையும் நாளடைவில் அதன் பக்கமே சாய்கிறது. எனவே மூளையைத் தூண்டுபவர்கள் காயத்தை ஆற்ற முயலவில்லை. பிழைத்திருக்கும் பாதையில் மேலிருந்து வரும் குறிப்பை வலுப்படுத்தவும், வலுவிழந்த தசையின் பக்கம் மூளையைத் திருப்பவும்தான் முயல்கிறார்கள்.

அந்த மையம் சொல்வது பெரும்பாலும் நேர்மின்னோட்டத் தூண்டலாக இருக்கும். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு மின்முனைகளில் ஒன்றைக் கையின் இயக்கப் புறணிக்கு மேலே தலையோட்டின் மீதும், மற்றொன்றை எதிர்ப்புற நெற்றியின் மீதும் வைத்து, ரப்பர் பட்டையால் கட்டி, வழக்கமாக 1 முதல் 2 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டத்தை 20 நிமிடம் போலச் செலுத்துவார்கள். தொடக்கத்தில் தோலில் ஊசி குத்துவது போன்ற அரிப்பு இருக்கும். பிறகு பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. இந்த மின்னோட்டத்தில் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலும் சிதறிவிட, சிறு பகுதிதான் மூளையை எட்டுகிறது. அதுவும் நரம்பணுக்களைத் தானாக இயக்குவதில்லை. அவை எளிதில் இயங்கக்கூடிய நிலைக்குச் சற்று நகர்த்துகிறது, அவ்வளவுதான். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பாலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் மனிதர்களிடம் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. மின்முனையை வைத்துவிட்டு நோயாளியைச் சும்மா படுக்க வைத்தால், இளகிய நிலையில் இருக்கும் நரம்பணுக்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமே கிடைக்காது. அதனால்தான் கைச்செயலை மீட்க முயலும் முக்கிய ஆய்வுகளில் தூண்டலோடு கடுமையான கைப்பயிற்சி இணைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2 மில்லியாம்பியர் தூண்டலை 20 நிமிடம் கொடுத்துவிட்டு, கையில் மாட்டும் ரோபோக் கருவியில் ஒரு மணி நேரப் பயிற்சி தந்தார்கள். ஒருவருக்குப் பத்து அமர்வுகள். கிளீவ்லாந்து கிளினிக்கில் எலா பிளோவின் குழுவினர் நாட்பட்ட, முழுமையற்ற காயமுள்ளவர்களுக்குத் தூண்டலையும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டிலும் ஒரு பிரிவினருக்குப் போலித் தூண்டல் தரப்பட்டது. அதாவது மின்முனை இருக்கும், மின்னோட்டம் தொடர்ந்து இருக்காது. முறை பாதுகாப்பானது, செய்யத்தக்கது என்று தெரிந்தது; சிலரிடம் கைச்செயல் முன்னேறியது. ஆனால் இரண்டிலும் பங்கேற்றவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 'விரல் அசையும்' என்று ஒரு குடும்பத்துக்கு உறுதி கூற எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை என்பது என் திடமான கருத்து.

எனவே அந்த மையத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தூண்டல் கொடுக்கும் நேரத்திலோ அதை அடுத்தோ எத்தனை மணி நேரம், எந்தத் தசைக்கு, யார் பயிற்சி தருவார்கள் என்பதுதான். இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கருவியை வாங்கி வீட்டில் வைப்பது வேண்டவே வேண்டாம். பஞ்சு காய்ந்தாலும் மின்முனை சரியாகப் பொருந்தாவிட்டாலும் தோல் வெந்து புண்ணாகும். இடம் தவறினால் பயனும் இருக்காது.

---

சக்கர நாற்காலி சி6 எழுதியது:

உங்கள் தம்பிக்கு இருக்கும் அதே மட்டத்துக் காயத்தோடு நெடுங்காலமாக வாழ்பவன் நான். மூளைத் தூண்டலைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாரும் விரல்களைப் பற்றியே கேட்கிறார்கள். என் அனுபவத்தில் முழங்கையை நீட்டும் வலுதான் வாழ்க்கையை மாற்றுகிறது. அது இருந்தால் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது உடலை உந்தித் தூக்கலாம், பின்புறத்துக்கு அழுத்தம் விழாமல் அவ்வப்போது எழும்பிப் படுக்கைப்புண்ணைத் தவிர்க்கலாம், அலமாரியின் மேல்தட்டிலுள்ள பொருளை எட்டலாம். அந்த வலு இல்லாதபோது ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. தம்பி எந்தச் சிகிச்சையை நாடினாலும், விரலுக்கு முன் முழங்கையைக் குறியாக வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாக மடங்கும் பிடிப்பு அவருக்கு வலது கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்ணைப்போல் காக்க வேண்டும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் சற்று இறுக்கமாக இருப்பதால்தான் அந்தப் பிடிப்பு கிடைக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் நல்லெண்ணத்தோடு விரல்களையும் மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பின்னோக்கி வளைத்து நீவிவிடுவார்கள். நாளடைவில் தசைநாண் தளர்ந்து, இருந்த பிடிப்பும் போய்விடும். விரல்களை நீட்டும்போது மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கியே வைக்க வேண்டும். உள்ளங்கையை விரித்துப் படுக்கையில் ஊன்றி எழுவதும் கூடாது. விரல்களை மடக்கி வைத்து ஊன்ற வேண்டும்.

அறுவை சிகிச்சை என்ற வழியும் இருக்கிறது. செயல்படும் ஒரு தசையின் நாணையோ நரம்புக் கிளையையோ செயலிழந்த தசையோடு இணைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடாஷா வான் சைல் என்ற மருத்துவரின் குழு, கழுத்துக் காயமுள்ள 16 பேருக்கு நரம்பு மாற்று அறுவை செய்து முழங்கை நீட்டலும் விரல் பிடிப்பும் மீண்டதை 2019இல் லான்செட் இதழில் வெளியிட்டது. நரம்பு மாற்றில் சில தசைகளுக்குக் காலக்கெடு உண்டு. தாமதித்தால் அந்தத் தசை மீண்டும் உயிர்பெறும் தன்மையை இழந்துவிடும். தம்பிக்கு ஓராண்டு கடந்துவிட்டது என்கிறீர்கள். ஆகவே தூண்டலுக்காகக் காத்திருந்து இந்த வாய்ப்பை நழுவ விடாமல், கை அறுவை செய்யும் மருத்துவர் ஒருவரை இப்போதே பார்த்துவிடுங்கள். தசைநாண் மாற்றுக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

---

நரம்பியல் மாணவன் எழுதியது:

மேலுள்ள இரு பதில்களையும் முழுமையாக ஏற்கிறேன். மின்னோட்டத் தூண்டலைத் தவிர வேறு வழிகளும் ஆராயப்படுவதால் அவற்றையும் சொல்கிறேன். அந்த மையத்தார் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து விளம்பரம் செய்யக்கூடும்.

காந்தத் தூண்டல் என்பது வேறு. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் முதன்முதலில் மனித மூளையின் இயக்கப் புறணியைக் காந்தத் துடிப்பால் தூண்டிக் கையை அசைய வைத்தார்கள். கம்பிச்சுருளைத் தலைமீது வைத்து ஒரு துடிப்பு கொடுத்தால், பாதை பிழைத்திருக்கும் தசையில் ஒரு சிறு மின்அலை தோன்றும். ஆகவே இது சிகிச்சைக்கு மட்டுமல்ல, எந்தத் தசைக்கு எவ்வளவு இணைப்பு மிச்சமிருக்கிறது என்று அளந்தறியவும் பயன்படுகிறது. தூண்டல் சிகிச்சை தருவதாகச் சொல்பவர்கள் இந்த அளவீட்டைச் செய்யாமலே தொடங்கினால், எதை வலுப்படுத்தப் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மோனிகா பெரெஸ் என்ற ஆய்வாளரின் வேலை. மூளையில் ஒரு காந்தத் துடிப்பும் மணிக்கட்டு நரம்பில் ஒரு மின்துடிப்பும் இணையாகக் கொடுக்கப்படுகின்றன. மேலிருந்து இறங்கும் குறிப்பு தண்டுவடத்திலுள்ள சந்திப்பை அடைந்து, அதன்பின் ஒன்று அல்லது இரண்டு மில்லிவினாடிக்குள் கீழிருந்து வரும் குறிப்பும் அந்த நரம்பணுவை அடையுமாறு நேரத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். இந்த வரிசையில் இரண்டும் சந்தித்தால் அந்த இணைப்பு வலுப்பெறுகிறது. நேரம் பிசகினால் பலனில்லை. ஓராண்டுக்கு மேல் கடந்த, முழுமையற்ற கழுத்துக் காயமுள்ளவர்களிடம் இதைச் செய்தபோது, சிறு முளைகளைத் துளைப் பலகையில் செருகும் சோதனையை முன்னைவிட விரைவாகச் செய்தார்கள் என்று 2012இல் வெளியிட்டார்கள். அந்தப் பலன் தற்காலிகமானது. 2020இல் அதே குழு இணைத் துடிப்புகளைப் பல அமர்வுகளாக உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்ததில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. ஓராண்டு கடந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் தம்பி மனம் தளர வேண்டியதில்லை. தானாக வரும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது என்பது மெய்தான். பயிற்சியால் வருவது அதோடு நின்றுவிடுவதில்லை.

மூளையை விட்டுக் கழுத்துத் தண்டுவடத்தையே தோலின் மேலிருந்து தூண்டும் முறையில்தான் இதுவரை பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. ஆன்வர்டு மெடிக்கல் என்ற நிறுவனத்தின் ஆர்க்-இ.எக்ஸ். கருவியைக் கொண்டு 14 மையங்களில் 60 பேரிடம் நடந்த ஆய்வு 2024 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் தூண்டலோடு பயிற்சி என்று நடத்தியதில், 72 சதவீதத்தினர் கைவலுவிலும் செயலிலும் முன்னேற்றம் கண்டனர். காயம் பட்டு 34 ஆண்டுகள் ஆனவரும் அந்த ஆய்வில் இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. இதிலும் ஒரு குறை உண்டு: போலித் தூண்டல் பெற்ற பிரிவு கிடையாது. நான்கு மாதம் தீவிரமாகப் பயிற்சி செய்தால் அதனாலேயே பலருக்கு ஓரளவு முன்னேற்றம் வரக்கூடும். அதில் கருவியின் பங்கு எவ்வளவு என்பதை இந்த அமைப்பால் முழுமையாகப் பிரித்துக் காட்ட முடியாது.

மூன்றாவதாக, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில், மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் என்ற நரம்பில் சிறு கருவியைப் பொருத்தி, பயிற்சியின்போது கை அசைவு நன்றாக அமைந்த அதே கணத்தில் அந்த நரம்பைத் தூண்டுகிறார்கள். 'இப்போது செய்தது சரி, இதை நினைவில் கொள்' என்று மூளைக்குச் சொல்வது போன்றது இது. நாட்பட்ட காயமுள்ள 19 பேரிடம் நடந்த இந்த ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. தொடக்க அமர்வுகளில் ஒரு பிரிவினருக்குப் போலித் தூண்டல் கொடுத்து ஒப்பிட்டதால் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் இதற்கு அறுவை சிகிச்சை வேண்டும்.

அந்த மையத்தார் தாங்கள் செய்வது ஆய்வு என்று கூறினால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பெற்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். அது பொதுத்தளம், எண்ணை இட்டு நீங்களே பார்க்கலாம். பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சைக்கு நோயாளியிடமே பெருந்தொகை கேட்பது நேர்மையான ஆய்வின் வழக்கம் அன்று.

---

தம்பிக்காக எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூளையை ஏன் தொடுகிறார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது. தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். விரலை நீவிவிடும் முறையை இன்றே மாற்றிக்கொள்கிறோம். அவனுக்கு இரண்டு ஐயங்கள். கழுத்தில் உலோகத் தகடும் திருகுகளும் வைத்திருக்கிறார்கள்; பிற்காலத்தில் நல்ல இடத்தில் தூண்டல் சிகிச்சை கிடைத்தால் அது தடையாகுமா? தசை இறுக்கத்துக்காகப் பாக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறான்; அதை நிறுத்திவிட்டால் பயிற்சியில் வேகம் கூடுமா?

---

கைப்பயிற்சியாளர் எழுதியது:

மாத்திரையை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பாக்லோஃபெனைத் திடீரென விட்டால் இறுக்கம் கடுமையாகத் திரும்புவதோடு மனக்குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். அது நரம்புகளின் கிளர்ச்சியைக் குறைக்கும் மருந்து என்பதால் தூண்டலின் பலனையும் சற்றுக் குறைக்கக்கூடும் என்று கருதப்படுவது உண்மைதான். ஆய்வுகளில் சேருவோரிடம் மருந்தளவை மாற்றாமல் ஒரே நிலையில் வைத்திருக்கச் சொல்வதும் அதனால்தான். அளவைக் குறைப்பதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கழுத்திலுள்ள தகட்டைப் பொறுத்தவரை, தலைமீது தரும் தூண்டலுக்கு அது பொதுவாகத் தடையாவதில்லை. தூண்டப்படும் இடத்தில், அதாவது தலைக்குள் உலோகமோ காது நரம்புக் கருவியோ இருந்தால்தான் சிக்கல். ஆனாலும் அறுவை சிகிச்சைக் குறிப்பைக் காட்டாமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, சாரத்திலிருந்து விழுந்தபோது அவர் நினைவிழந்தாரா, தலையில் அடிபட்டதா, அதன்பின் எப்போதேனும் வலிப்பு வந்ததா என்பதைச் சொல்லியாக வேண்டும். காந்தத் தூண்டலில் அரிதாக வலிப்பு வருவது அறியப்பட்ட ஆபத்து.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமோ, வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறையோ, உங்களுக்கு எது அருகில் உள்ளதோ அங்கே சென்று, இரு கைகளின் ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் சோதனையைப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். முழங்கையை நீட்டும் தசையில் தொட்டுணரும் அளவுக்கு ஒரு துடிப்பாவது இருந்தால் அது 1. கையின் எடையைத் தாங்கிக்கொடுத்தால் முழுமையாக நீள்கிறது என்றால் அது 2. மேசைமீது வழுவழுப்பான பலகையை வைத்து, கைக்கு அடியில் ஒரு துணியை விரித்து, புவிஈர்ப்பு இழுக்காத நிலையில் முழங்கையை நீட்டி மடக்கும் பயிற்சியை அந்த இரண்டு நிலைகளில் உள்ளவர்களும் தொடங்கலாம். 1 என்ற நிலையில் உள்ளவருக்கு அசைவின் மிச்சத்தை நீங்கள் கைகொடுத்து முடித்து வைக்க வேண்டும். முயற்சி மட்டும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அப்போது மடக்கும் தசை முந்திக்கொள்கிறதா என்பதை மேல்கையின் முன்புறத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அது விறைத்தால் சற்று ஓய்வு கொடுத்து, நீட்ட வேண்டும் என்ற முயற்சியை மெதுவாக மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். மதிப்பெண் அட்டை கிடைத்ததும் தம்பியின் பெயரை மறைத்துவிட்டு இங்கே பதிவிட்டால், இரு கைகளுக்கும் தனித்தனியே பயிற்சி எழுதித் தருகிறேன்.